பாட்டை அனுப்புங்கள், பெயரோடு அனுப்புங்கள்



இந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிவு கொஞ்சம் நீளம். காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். முடிவில் ஒரு சின்ன வீட்டுப்பாடமும் உண்டு. நான் பணி ஓய்வு பெற்றுவிட்டேன். வீட்டுப்பாடம் கொடுக்கும் பழக்கம் இன்னும் ஓய்வு பெறவில்லை!

பழைய மாணவர் குழு, குடும்பக் குழு இரண்டிலும் தினமும் பழைய பாட்டுகள் வருகின்றன. காலையில் பக்திப் பாட்டு, மதியம் சோகப் பாட்டு, இரவு ஒன்பது மணிக்கு மேல் காதல் பாட்டு. எனக்கு இதில் மகிழ்ச்சிதான். 'குட் மார்னிங்' ரோஜாப்பூப் படங்களைவிடப் பாட்டு எவ்வளவோ மேல். என் வருத்தம் ஒன்றே ஒன்று. பாட்டு வருகிறது, அதைச் செய்தவர்களின் பெயர் வருவதில்லை. வந்தாலும் பல நேரம் தப்பாக வருகிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 'படகோட்டி' (1964) படப் பாட்டு ஒன்று போன மாதம் இரண்டு குழுக்களிலும் வந்தது. கீழே "எம்.ஜி.ஆர். பாட்டு, கண்ணதாசன் வரிகள், எம்.எஸ்.வி. இசை" என்று போட்டிருந்தது. எம்.ஜி.ஆர். வாயசைத்தார், சரி. பாடியது டி.எம்.சௌந்தரராஜன், அவர் பெயரே அதில் இல்லை. எழுதியது வாலி. அந்தப் படத்தின் எல்லாப் பாட்டுகளையும் எழுதியவர் அவர்தான். இசை, விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் சேர்ந்து அமைத்தது.

விடுபட்டுப்போன இந்த இரண்டு பேரும் யார் தெரியுமா? வாலி, நம் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த டி.எஸ்.ரங்கராஜன். டி.கே.ராமமூர்த்தியின் பெயருக்கு முன்னால் நிற்கும் 'டி', திருச்சிராப்பள்ளி. ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவரும் திருச்சிக்காரர் ஒருவரும் கைவைத்துச் செய்த பாட்டைத் திருச்சிக்காரர்களாகிய நாம் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறோம், அந்த இரண்டு பெயர்களையும் விட்டுவிட்டு! அனுப்பியவர்மேல் எனக்குக் கோபமில்லை. தனக்கு வந்ததை அவர் அப்படியே தள்ளிவிட்டார். பெயர்கள் இப்படித்தான் அழிகின்றன. யாரும் வேண்டுமென்று அழிப்பதில்லை.

ராமமூர்த்தியைப் பற்றி இளையவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1922-இல் திருச்சியில் பிறந்தவர். புகழ்பெற்ற வயலின் வித்வான் மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளையின் பேரன். அவர் வாசித்ததும் வயலின்தான். 1952-இல் வந்த 'பணம்' படத்திலிருந்து 1965 வரை விஸ்வநாதனோடு சேர்ந்தே இசையமைத்தார். 1963-இல் 'மெல்லிசை மன்னர்கள்' என்ற பட்டம் இருவருக்கும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. 'கர்ணன்', 'காதலிக்க நேரமில்லை', 'எங்க வீட்டுப் பிள்ளை' எல்லாம் இந்த இரட்டையர் செய்தவை. 1965-இல் பிரிந்தார்கள். அதன் பிறகு விஸ்வநாதன் நூற்றுக்கணக்கான படங்களுக்கு இசையமைத்தார். ராமமூர்த்திக்குக் கிடைத்தவை சொற்பம். பின்னால் வந்த பெரும்புகழ் முன்னால் இருந்ததையும் சேர்த்து விழுங்கிவிட்டது. இன்று 'கர்ணன்' பாட்டென்றால் பாதிப் பேர் எம்.எஸ்.வி. பெயரை மட்டும்தான் சொல்கிறார்கள். எம்.எஸ்.வி. பெரிய மேதை, அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் இரண்டு பேர் சேர்ந்து எழுதிய பரீட்சைக்கு ஒருவருக்கு மட்டும் மார்க் போட ஓர் ஆசிரியையின் கை வராது.

ராமமூர்த்தி 2013 ஏப்ரலில் காலமானார். அதே ஆண்டு ஜூலையில் வாலியும் போய்விட்டார். ஒரே ஆண்டில் நம் ஊர் இரண்டு பேரை இழந்தது.

'நம் காலத்தில் எல்லாம் சரியாக இருந்தது' என்று நான் சொல்ல வரவில்லை. அப்போதும் 'எம்.ஜி.ஆர். பாட்டு', 'சிவாஜி பாட்டு' என்றுதான் தெருவில் பேசிக்கொண்டோம். ஆனால் பெயரைக் காதில் போடுவதற்கு இரண்டு ஏற்பாடுகள் இருந்தன.

ஒன்று, பாட்டுப் புத்தகம். தியேட்டர் வாசலில் சில பைசாவுக்கு விற்கும். மெல்லிய தாளில் எட்டுப் பக்கமோ பன்னிரண்டு பக்கமோ இருக்கும். முதலில் கதைச் சுருக்கம். கதை சூடு பிடிக்கும் இடத்தில் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நிறுத்திவிடுவார்கள். பிறகு பாட்டுகள். எழுதியவர், பாடியவர், இசையமைத்தவர் பெயர்கள் அச்சில் இருக்கும். கெயிட்டிக்கும் வெலிங்டனுக்கும் போய்ப் படம் பார்க்கக் காசில்லாத பிள்ளைகள்கூடத் தெப்பக்குளத்து நடைபாதைக் கடையில் பழைய பாட்டுப் புத்தகம் வாங்கி மனப்பாடம் செய்தோம். பாட்டோடு பெயரும் சேர்ந்து மனப்பாடம் ஆனது.

இன்னொன்று, வானொலி. திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16-இல் தொடங்கியது. நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது வானொலிப் பெட்டிக்குத் தபால் நிலையத்தில் ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டும். எங்கள் தெருவில் பெட்டி இருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுத் திண்ணையில் இடம் பிடிப்பதற்கே சண்டை நடக்கும். அறிவிப்பாளர் பாட்டைப் போடுவதற்கு முன்போ முடிந்த பின்போ படம், பாடியவர், இயற்றியவர், இசை என்று வரிசையாகச் சொல்வார். இலங்கை வானொலியில் மயில்வாகனனும், பின்னாளில் பி.எச்.அப்துல் ஹமீதும் அந்தப் பெயர்களை உச்சரித்த அழகுக்கே ரேடியோ கேட்டவர்கள் உண்டு. படிக்காத என் அத்தைப்பாட்டி மருதகாசிக்கும் கண்ணதாசனுக்கும் வித்தியாசம் சொல்வாள். எல்லாம் காதால் கேட்ட படிப்பு.

இந்தப் பெயர் சொல்லும் விஷயத்தில் ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கிறது. 1950-களின் தொடக்கத்தில் மத்திய அமைச்சர் பி.வி.கேஸ்கர் காலத்தில், படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரம் ஆகிவிடும் என்று அகில இந்திய வானொலி அதைச் சொல்வதை நிறுத்தியது. படத் தயாரிப்பாளர்கள் பாட்டை ஒலிபரப்பக் கொடுத்திருந்த அனுமதியைத் திரும்பப் பெற்றார்கள். நேயர்கள் கூட்டமாக இலங்கை வானொலிக்குப் போனார்கள். 1957 அக்டோபரில் விவித் பாரதியைத் தொடங்கித்தான் அவர்களைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது.

அதற்கும் முன்னால் பாடகிகளின் நிலைமை இன்னும் மோசம். 1949-இல் வந்த 'மஹல்' இந்திப் படத்தில் லதா மங்கேஷ்கர் பாடிய பாட்டின் இசைத்தட்டில் பாடியவர் என்று அச்சிட்டிருந்தது 'காமினி'. அது கதாபாத்திரத்தின் பெயர்! இந்தக் குரல் யாருடையது என்று நேயர்கள் வானொலிக்குக் கடிதம் எழுதிக் கேட்ட பிறகுதான் லதாவின் பெயர் ஊருக்குத் தெரிந்தது. கேட்பவர்கள் கேட்டால் பெயர் வெளியே வரும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

இனி இங்கிலாந்துக்குப் போவோம். திருச்சியிலிருந்து ஏன் அங்கே தாவுகிறேன் என்று கேட்காதீர்கள். நம் மாணவன் ஒருவன்தான் இழுத்துப் போனான். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன், இப்போது அங்கே வேலையில் இருக்கிறான். கிடார் வாசிப்பான். பிரிட்டிஷ் 'புளூஸ் ராக்' பாட்டுகள் என்றால் அவனுக்கு உயிர். குழுவில் ஒன்று போட்டான். கேட்டேன். கிடார் அழுதது, அதட்டியது. வார்த்தை பாதி புரியவில்லை, பிடித்திருந்தது.

"டீச்சர், இது எரிக் கிளாப்டன் பாட்டு" என்றான்.

"எழுதினது யாருப்பா?"

"அவர்தான்னு நினைக்கிறேன் டீச்சர். பாத்துச் சொல்றேன்."

மறுநாள் பதில் வந்தது. "ராபர்ட் ஜான்சன், டீச்சர். கிளாப்டன் பிறக்கறதுக்கு முன்னாடியே செத்துப்போனவர்."

அதற்குப் பிறகு அவன் சொல்லியும் நானே தேடிப் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். புளூஸ் என்பது அமெரிக்காவின் தென்பகுதியில் பருத்திக்காட்டில் உழைத்த கறுப்பின மக்களின் பாட்டு. அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்த பிறகும் குத்தகையிலும் கடனிலும் சிக்கிக் கிடந்தவர்கள் அவர்கள். ராபர்ட் ஜான்சன் மிசிசிப்பிக்காரர். 1936, 1937 ஆண்டுகளில் 29 பாட்டுகளைப் பதிவு செய்துவிட்டு 1938-இல் 27 வயதில் இறந்துபோனார். முப்பது ஆண்டு கழித்து, 1968-இல், 'கிரீம்' என்ற ஆங்கிலேயக் குழு அவருடைய 'கிராஸ்ரோட்ஸ்' பாட்டை மேடையில் வாசித்தது. அதில் கிடார் வாசித்தவர் கிளாப்டன். உலகம் முழுக்க அது பரவியது.

நம் பட்டுக்கோட்டையார் நினைவுக்கு வருகிறாரா? அவரும் உழைக்கும் மக்களின் பாட்டுக்காரர். 1959-இல் 29 வயதில் போய்விட்டார். 'நாடோடி மன்னன்' (1958) படத்தில் தம்பிக்குப் புத்தி சொல்லும் பாட்டை இன்றும் எம்.ஜி.ஆர். பாட்டு என்றுதான் சொல்கிறோம். எழுதிய இளைஞன் பெயரைச் சொல்பவர்கள் குறைவு.

இங்கிலாந்துக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. 1961-இல் டார்ட்ஃபோர்ட் என்ற ஊரின் ரயில் நிலையத்தில் ஓர் இளைஞன் கையில் இசைத்தட்டுகளோடு நின்றான். மடி வாட்டர்ஸ், சக் பெர்ரி என்று அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகள். சிறுவயதில் அவனோடு படித்த இன்னொருவன் அந்தப் பெயர்களைப் பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தான். முதல் இளைஞன் மிக் ஜாகர். இரண்டாமவன் கீத் ரிச்சர்ட்ஸ். அங்கிருந்து பிறந்தது 'ரோலிங் ஸ்டோன்ஸ்' குழு. அந்தக் குழுவின் பெயரே மடி வாட்டர்ஸின் 1950-ஆம் ஆண்டுப் பாட்டிலிருந்து எடுத்ததுதான். தட்டின் உறையில் பெயர் இல்லாதிருந்தால் அந்தப் பேச்சு தொடங்கியிருக்குமா?

அவர்கள் ஒரு நல்ல காரியமும் செய்தார்கள். 1965-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று அவர்களைப் பாட அழைத்தது. ஹவ்லின் உல்ஃப் என்ற மூத்த புளூஸ் கலைஞரையும் மேடையேற்ற வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். அவர் பாடும்போது இந்தப் பையன்கள் அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டார்கள். சொந்த நாட்டிலேயே பெரும்பான்மையோர் அறியாத மனிதரை, வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் 'இவர்தான் எங்கள் வாத்தியார்' என்பதுபோல் காட்டினார்கள். அந்த வீடியோவை நான் மூன்று முறை பார்த்தேன்.

இதற்கு மாறான கதையும் இருக்கிறது. 'லெட் செப்பலின்' என்ற குழு 1969-இல் வெளியிட்ட 'ஹோல் லாட்டா லவ்' பாட்டில், வில்லி டிக்சன் எழுதி மடி வாட்டர்ஸ் முன்பே பாடியிருந்த பாட்டின் வரிகள் கலந்திருந்தன. டிக்சன் பெயர் தட்டில் இல்லை. 1985-இல் அவர் வழக்குப் போட்டார். 1987-இல் சமரசம் ஆனது. பிறகு அவர் பெயரும் சேர்ந்தது. அவர் சும்மா இருக்கவில்லை. தன்னைப் போன்ற கலைஞர்கள் தங்கள் உரிமைத்தொகையைக் கேட்டு வாங்க உதவுவதற்கென்றே ஓர் அறக்கட்டளை தொடங்கினார்.

ஸ்கிப் ஜேம்ஸ் என்பவரின் கதை வேறு. அவர் பாட்டு ஒன்றைக் 'கிரீம்' குழு 1966-இல் தங்கள் முதல் தட்டில் சேர்த்தபோது அவர் பெயரையே போட்டது. நோயில் படுத்திருந்த அந்த முதியவருக்குக் கடைசிக் காலத்தில் பணம் வந்தது. சில எழுத்துகள் சரியாக அச்சானதால் ஒருவருக்கு மருத்துவச் செலவுக்குப் பணம் கிடைத்தது. பெயர் என்பது வெறும் மரியாதை விஷயம் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

நம் நாட்டிலும் இது சட்டமாகிவிட்டது. 2012-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. படத்துக்கு எழுதிய பாடலாசிரியரும் இசையமைப்பாளரும், திரையரங்குக்கு வெளியே அந்தப் பாட்டு பயன்படும்போது வரும் உரிமைத்தொகையில் தங்கள் பங்கை யாருக்கும் எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி அது காப்பாற்றுகிறது. மாநிலங்களவையில் இதற்காக வாதாடியவர் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர். எழுதியவர் யார் என்ற பதிவு சரியாக இருந்தால்தான் அந்தப் பங்கு உரிய வீட்டுக்குப் போகும்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வேறு வந்துவிட்டது. மறைந்தவர்கள் குரலில் புதுப்பாட்டு பாட வைக்கிறார்கள். 2024-இல் 'லால் சலாம்' படத்தில் ஏ.ஆர்.ரஹ்மான், மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவர் குரல்களையும் இந்த முறையில் பயன்படுத்தினார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, ஊதியமும் கொடுத்ததாகத் தெரிவித்தார். யார் குரல் என்றும் வெளிப்படையாகச் சொன்னார். முறை அதுதான். ஆனால் நம் குழுக்களில் வரும் 'டி.எம்.எஸ். குரலில் புதிய பாட்டு' வகையறாக்களில் யாருடைய அனுமதியும் இல்லை, செய்தவர் பெயரும் இல்லை. உண்மையான பாட்டுக்கே பெயர் சொல்லப் பழகாத நாம், நாளைக்குப் பொய்யை எப்படிக் கண்டுபிடிப்போம்? எது டி.எம்.எஸ். பாடியது, எது இயந்திரம் பாடியது என்று பேரன் கேட்டால் என்ன சொல்வோம்?

"அத்தை, பாட்டைக் கேட்டோமா, ரெண்டு நிமிஷம் சந்தோஷமா இருந்தோமான்னு போகணும். இதுக்குப் போய் ஜாதகம் பாக்கணுமா?" என்று என் அண்ணன் மகன் கேட்டான். "பழைய காலத்துல நாட்டுப்புறப் பாட்டெல்லாம் யார் எழுதினாங்கன்னு தெரிஞ்சா பாடினாங்க?" என்றும் மடக்கினான்.

கேள்வி நியாயமானது. பதில் நம் ஊரிலேயே இருக்கிறது.

ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசியை ஒட்டிப் பகல்பத்து, இராப்பத்து நடக்கும்போது நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம் முழுவதும் சேவிக்கப்படுகிறதே, அது நமக்குக் கிடைத்த வரலாறு தெரியுமா? வழிவழியாகச் சொல்லப்படுவது இது. பாசுரங்கள் வழக்கொழிந்துபோயிருந்த காலம். நாதமுனிகள் ஒரு நாள் சிலர் ஒரு பதிகத்தைப் பாடக் கேட்டார். அதன் கடைசிப் பாசுரத்தில் பாடியவர் பெயர் இருந்தது, அவர் ஊர் இருந்தது, ஆயிரம் பாசுரங்களில் இவை ஒரு பத்து என்ற கணக்கும் இருந்தது. மீதியெல்லாம் எங்கே என்று கேட்டார். அவர்களுக்குத் தெரியவில்லை. பெயரையும் ஊரையும் பிடித்துக்கொண்டு அவர் குருகூருக்கே போனார். தேடியது ஆயிரம், கிடைத்தது நாலாயிரம். பக்தி உள்ளவர்கள் அதைப் பக்தியாகப் பார்க்கட்டும். ஆசிரியையாக எனக்குத் தெரிவது, பெயர் ஒரு முகவரி என்பது. பாட்டுக்குள் பெயர் இல்லாதிருந்தால் அவர் எந்த ஊருக்குப் போய்த் தேடியிருப்பார்?

தேவாரப் பதிகங்களிலும் சம்பந்தர் பெயர் இப்படிக் கடைசியில் வரும். கீர்த்தனைகளில் அதை முத்திரை என்பார்கள். தியாகராஜர் தம் பெயரையே வைத்தார், பாபநாசம் சிவன் 'ராமதாசன்' என்று வைத்தார். சங்கப் புலவர்களில் சிலர் பெயர் தொலைந்துபோனது. தொகுத்தவர்கள் அப்படியே விட்டுவிடவில்லை. அவர்கள் பாட்டில் இருந்த ஓர் அருமையான சொற்றொடரையே பெயராகச் சூட்டினார்கள். செம்புலப்பெயனீரார், தேய்புரிப் பழங்கயிற்றினார், அணிலாடு முன்றிலார் எல்லாம் அப்படி வந்த பெயர்கள். பெயர் தெரியாத ஆளுக்கும் ஒரு பெயர் வைத்துத்தான் பாட்டை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார்கள். நம் மரபு இது. 'யார் எழுதினால் என்ன' என்பது நம் மரபு இல்லை.

நாட்டுப்புறப் பாட்டுக்கும் இதையே செய்யலாம். எழுதியவர் தெரியாவிட்டால் எந்த ஊரில், யார் பாடக் கேட்டோம் என்று சொல்லலாம். நவநீதகிருஷ்ணனும் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் ஊர் ஊராகப் போய்ப் பாட்டுகளைச் சேகரித்தார்களே, அவர்கள் கேட்டது வாழும் மனிதர்களிடம்தான். 'லால்குடிப் பக்கம் நடவு நடும்போது என் சின்னம்மா பாடியது' என்று ஒரு வரி போட்டால் அதுவும் முகவரிதான்.

சரி, மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டு நான் சும்மா இருக்கலாமா? எனக்குப் பிடித்த ஐந்தைப் பெயரோடு தருகிறேன்.

1. 'மந்திரி குமாரி' (1950), மலையுச்சிக்கு அழைத்துப் போகும் காட்சியில் வரும் பாட்டு. பாடியவர்கள் திருச்சி லோகநாதன், ஜிக்கி. இசை ஜி.ராமநாதன். எழுதியவர் ஏ.மருதகாசி. லோகநாதன் நம் ஊர்; பெயரிலேயே ஊர் இருக்கிறது. ராமநாதன் பிறந்தது கொள்ளிடத்துக்கு அக்கரையில், பிச்சாண்டார்கோயில். மருதகாசி அன்றைய திருச்சி மாவட்டத்து மேலக்குடிகாடு. தள்ளிவிட்டுக் கொல்லப் போகிறவன் இவ்வளவு இனிமையாக அழைக்கிறான் என்பதுதான் அந்தப் பாட்டின் பயங்கரம். கதையின் மூலம் குண்டலகேசி. அந்தக் காப்பியம் முழுதாகக் கிடைக்கவில்லை. நாதகுத்தனார் என்ற பெயர் மட்டும் பிழைத்திருக்கிறது.

2. 'ஹரிதாஸ்' (1944) படத்தில் நாயகன் பாடும் பாட்டுகள் எல்லாமே. பாடியவர் எம்.கே.தியாகராஜ பாகவதர். மாயவரத்தில் பிறந்து திருச்சியில் வளர்ந்தவர். சிறுவனாக இருந்தபோது எஃப்.ஜி.நடேச ஐயரின் ரசிக ரஞ்சன சபா நாடகத்தில் லோகிதாசனாக மேடையேறியதும் நம் ஊரில்தான். சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம். எல்லோரும் பாகவதர் பாட்டு என்பார்கள். எழுதியவர் பாபநாசம் சிவன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

3. 'நாடோடி மன்னன்' (1958), மேலே சொன்ன தம்பிப் பாட்டு. எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், பாடியவர் டி.எம்.சௌந்தரராஜன், இசை எஸ்.எம்.சுப்பையா நாயுடு. வகுப்பில் தூங்கி விழுந்தவர்களுக்கு இதைப் பாடிக் காட்டியிருக்கிறேன். உங்களில் சிலருக்கு நினைவிருக்கும்!

4. வாலி சினிமாவில் பெயரெடுப்பதற்கு முன்பே அஞ்சலட்டையில் எழுதி டி.எம்.எஸ்ஸுக்கு அனுப்பிய முருகன் பாட்டு. டி.எம்.எஸ். தானே மெட்டமைத்துப் பாடினார். முகம் தெரியாத ஓர் இளைஞன் அனுப்பிய அட்டையை அந்தப் பெரிய பாடகர் தூக்கிப் போட்டுவிடவில்லை. எழுதியவர் பெயரை மறக்கவும் இல்லை.

5. 'கிராஸ்ரோட்ஸ்'. எழுதியவர் ராபர்ட் ஜான்சன். 1936-இல் அவர் தனியாகக் கிடாரோடு பாடியதை முதலில் கேளுங்கள். பிறகு 'கிரீம்' குழு வாசித்ததைக் கேளுங்கள். ஒரே விதை எப்படி இன்னொரு மண்ணில் வேறு மரமாக வளர்ந்திருக்கிறது என்று தெரியும். எனக்கு அறிமுகப்படுத்திய மாணவனுக்கு நன்றி.

இனி வீட்டுப்பாடம். மிகவும் சின்னது.

குழுவில் ஒரு பாட்டை அனுப்பும்போது கீழே ஐந்து விவரங்கள் போடுங்கள்: படம், ஆண்டு, எழுதியவர், இசை, பாடியவர். கைப்பேசியில் தேடினால் இரண்டு நிமிடம். ஒரே இடத்தில் பார்த்ததை நம்பாதீர்கள். இரண்டு இடத்தில் பாருங்கள். முடிந்தால் படத்தின் தொடக்கத்தில் ஓடும் பெயர்ப் பட்டியலையே பாருங்கள், பழைய படங்கள் பலவும் யூடியூபில் இருக்கின்றன. தெரியாவிட்டால் 'எழுதியவர் யார் என்று யாராவது சொல்லுங்கள்' என்று கேளுங்கள். தப்பான பெயர் போடுவதைவிடக் கேள்விக்குறி போடுவது எவ்வளவோ மேல். யாராவது திருத்தினால் கோபித்துக்கொள்ளாதீர்கள். சிவப்பு மையைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நீங்கள்!

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளி ஆண்டுவிழாவில் பிள்ளைகள் சினிமாப் பாட்டுக்கு ஆடுவார்கள். தொகுத்து வழங்கும் பிள்ளையின் தாளில் எழுதியவர் பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். ஒரே ஒரு வரிதான் கூடும். மேடையில் ஒலிக்கும் அந்தப் பெயரைக் கேட்டு ஒரு பிள்ளையாவது 'எழுதுவதும் ஒரு வேலை, அதையும் ஒரு மனிதர்தான் செய்தார்' என்று புரிந்துகொள்ளும். ஸ்ரீரங்கத்தில் 'நேதாஜி' என்று கையெழுத்துப் பத்திரிகை நடத்திய ரங்கராஜன் என்ற பையன்தான் பின்னால் வாலி ஆனான். நம் வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

உறவினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் குடும்பத்துத் தாலாட்டு, ஒப்பாரி, கும்மிப் பாட்டுகளை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அடுத்த முறை போகும்போது கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். தொடக்கத்தில் அவர்கள் பெயர், ஊர், யாரிடம் கற்றது என்பதை அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். பெயர் இல்லாமல் பதிவு செய்தால் பத்து வருடம் கழித்து அது யாரோ ஒரு பாட்டியின் குரலாகிவிடும். பெயரோடு இருந்தால் அது நம் பாட்டியின் குரலாகவே இருக்கும்.

உங்களுக்குப் பிடித்த ஒரு பாட்டைக் கீழே எழுதுங்கள். தமிழாக இருந்தாலும் சரி, இந்தியாக இருந்தாலும் சரி, புளூஸாக இருந்தாலும் சரி. ஐந்து விவரங்களும் இருக்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை திருத்தி மார்க் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
ஸ்ரீரங்கம்